வரைபடத்தின் பின்பக்கம்

ஸ்டோன் போர்ட்டேஜ்
24 ஏப்ரல் 1984

அன்புள்ள தங்கை நோரீனுக்கு,

ஈஸ்டர் ஞாயிறு மதியம் என் மேசையில் இருந்தவர்கள்: நான், நம் அண்ணன் லோர்ன், எதிர்வீட்டு எழுபத்தேழு வயதுக் கிவேலா அம்மாள், பாஸ்டர் ஹெண்டர்ஷாட். பாஸ்டர் சூப்போடு எழுந்து அடுத்த ஊர் ஆராதனைக்குப் போய்விட்டதால் அவரை அரை ஆளாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன். உனக்கும் மெர்வினுக்கும் தட்டு வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக வராதவர்களுக்குத் தட்டு வைத்துத் திரும்ப எடுத்து அடுக்குவது எனக்கு அலுத்துவிட்டது.

கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். சுகமில்லை என்றால் எழுதியிருப்பாய்.

ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணன் என் வீட்டில் இருக்கிறார் என்று முன்பே எழுதினேன். வலது கை எழும்பவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம்: "சரி". பசித்தாலும் "சரி", காப்பி கொட்டிக் காலைச் சுட்டாலும் "சரி". காதில் விழுவதெல்லாம் புரிகிறது. திருப்பிச் சொல்லத்தான் வழியில்லை. முப்பத்தெட்டு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவர், இப்போது ஸ்பூனை ஓட்ட நான் வேண்டும்.

இனி விஷயம். ட்ரைடன் ஊர் டாக்டர் அக்டோபரில் என்னை வினிபெக் ஆஸ்பத்திரியில் சேரச் சொல்கிறார். சின்ன விஷயம்தான். மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரம் அண்ணனைப் பார்த்துக்கொள்ள நீ வர வேண்டும். என் வீட்டுக்காரர் ஐநோ இறந்து ஆறு வருஷம் ஆகிறது. எனக்கு வேறு ஆள் கிடையாது. டெலிபோனில் கேட்டிருப்பேன், ஆனால் இங்கே ஒரே லைனில் நாலு வீடு, நாலு வீட்டிலும் காது.

மெர்வினுக்கு என் விசாரிப்பு.

உன் அக்கா,
ஆர்டித்

*

ஹார்ட்லி கார்னர்ஸ்
20 மே 1984

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் நலம். மெர்வினுக்கு முழங்கால் வலி மட்டும். அண்ணனுக்கு நான் தினமும் ஜெபிக்கிறேன்.

மூச்சுவிட நேரமில்லை. மாகாணத்தின் இருநூறாவது ஆண்டுக்கு எங்கள் ஊர்மன்றம் பெரிய ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைக்கிறது. கமிட்டித் தலைவி யார் தெரியுமா? நான்தான். நடுவில் ஒன்டாரியோ வரைபடம். ஒரு மூலையில் மாகாணப் பூவான டிரில்லியம், மூன்று வெள்ளை இதழும் சாட்டின் துணியில். ஒரு மூலையில் வெள்ளை பைன் மரம். அதை இந்த மாதம்தான் மாகாண மரமாக அறிவித்தார்கள், உங்கள் பக்கம் சேதி வந்ததோ என்னவோ. ஒரு மூலையில் மாகாணச் சின்னம், கரடி, மூஸ், மான் மூன்றும் வைத்து. நாலாவது மூலைக்கு மாகாணக் கல்லான செவ்வந்திக்கல் வேண்டும். அது உங்கள் பக்கத்தில் ரோட்டோரத்திலேயே கிடக்குமாமே? சின்னதாக இருபது கல் பொறுக்கி அனுப்பேன். நீ எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் கமிட்டிப் பெயர்ப்பட்டியலில் உன் பெயரையும் போடச் சொல்கிறேன்.

வினிபெக் எதற்கு? அது வேறு மாகாணம் ஆயிற்றே! டொரான்டோவில் இல்லாத டாக்டரா? ஒரு சாயங்காலம் கிளம்பி இங்கே வந்துவிடேன். அக்டோபர் பற்றிப் பிறகு பேசுவோம். நாங்களும் இந்த வருஷம் வடக்கே வருகிறோம்! மஸ்கோகாவில் இரண்டு வாரம் ஏரிக்கரை வீடு எடுத்திருக்கிறார் மெர்வின்.

அன்புடன்,
நோரீன்

*

ஸ்டோன் போர்ட்டேஜ்
2 ஜூன் 1984

அன்புள்ள நோரீனுக்கு,

மெர்வின் முழங்காலுக்கு என் அனுதாபம். இங்கே அண்ணன் அப்படியே இருக்கிறார். நானும் அப்படியே.

மஸ்கோகாவை வடக்கு என்று எழுதியிருந்தாய். கிவேலா அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். "அது வடக்குன்னா நாம எங்கடி இருக்கோம், நிலாவிலயா?" என்று கேட்டாள். டொரான்டோக்காரர்கள் இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஐஸ்கிரீம் தின்று, படகில் போட்டோ எடுத்துக்கொள்கிற இடம் அது. இந்த மாகாணத்து நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு அதற்கு மேலேதான் இருக்கிறது. மேலே போய்க்கொண்டே இருந்தால் உப்புத்தண்ணீர்க் கடலே வரும். இதை நான் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. ரயிலில் வரும் நூலகப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன்.

வெள்ளை பைனை அறிவித்துவிட்டார்கள் என்ற சேதிக்கு நன்றி. அதை வெட்டி வெட்டித்தான் ஐநோவின் முதுகு வளைந்தது. அறிவிக்காத காலத்திலும் அது மரமாகத்தான் நின்றது. டிரில்லியம் பூவை இருபது வருஷத்தில் நான் தபால்தலையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். கரடியும் மூஸும் அப்படியில்லை. போன வாரம் என் குப்பைத்தொட்டியை உருட்டியது உங்கள் மாகாணச் சின்னத்தின் உச்சியில் நிற்கிற கரடி.

கல் ரோட்டோரத்தில் கிடப்பதில்லை. தண்டர் பே பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வருகிறது. அண்ணனோடு ரயில் ஓட்டிய ஒருவரிடம் சொல்லி இருபத்து மூன்று வாங்கினேன். மூன்று தைக்கும்போது உடைவதற்கு. இதோடு வைத்திருக்கிறேன். பட்டியலில் என் பெயர் வேண்டாம்.

வினிபெக் எனக்கு அரை நாள். டொரான்டோவுக்கு "ஒரு சாயங்காலம் கிளம்பி" வருவது பற்றி ஒன்றும் எழுத மாட்டேன்; எழுதினால் பாவமாகிவிடும்.

அக்டோபருக்கு வருகிறாயா? கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை.

ஆர்டித்

*

ஹார்ட்லி கார்னர்ஸ்
18 ஜூலை 1984

அன்புள்ள அக்கா,

சுகமா? இங்கே வெயில். கல் வந்தது, எல்லாமே நல்ல ஊதா. எங்கள் கமிட்டி ஹேசல் பிராட்ஃபுட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "கடைக் கல்லு மாதிரியே இருக்கே!" என்றாள்.

போர்வை முடிந்தது! ஜூலை ஒன்றாம் தேதி ஊர்மன்றக் கூடத்தில் மாட்டினோம். அடியில் "விசுவாசமாய்த் தொடங்கினாள், விசுவாசமாகவே நிலைக்கிறாள்" என்று மாகாண வாசகத்தை லத்தீனில் நானே தைத்தேன். போட்டோ வைத்திருக்கிறேன்.

வரைபடத்தைப் பார்த்து நீ ஏதாவது சொல்வாய். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இடம் போதவில்லை. அரசாங்கச் சாலை வரைபடத்தின் முன்பக்கத்தை அப்படியே துணியில் படியெடுத்தோம். மேலே கொஞ்சம் சேர்க்கலாமா என்று நானே கேட்டேன், நம்பு. ஹேசல் சொன்னாள்: "அதுக்கு மேல என்னடி இருக்கு? பாறை, மரம், கொசு. கொசுவை எப்படித் தைக்கிறது?" கமிட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அக்டோபர் எனக்குச் சிரமம். அண்ணனை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடேன்? டிரைவரிடம் சொல்லி வைத்தால் பார்த்துக்கொள்வார்.

நோரீன்

*

ஸ்டோன் போர்ட்டேஜ்
30 ஜூலை 1984

நோரீனுக்கு,

நலம். நலம் விசாரிக்கிறேன்.

போட்டோவை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தையல் நேர்த்தி. உங்கள் கிராமத்துச் சீஸ் தொழிற்சாலைக்குக்கூட ஒரு பித்தான் தைத்திருக்கிறீர்கள். சட்பரி தாண்டியதும் பச்சைக் கரை போட்டு மாகாணத்தை முடித்துவிட்டீர்கள். கல்லைப் பறித்துக்கொண்டு, கல் விளைகிற இடத்தை வெட்டிக் குப்பையில் போட்டாயிற்று. எங்கள் வீடு உன் போர்வையிலிருந்து மூன்று அடி மேலே, கூடத்துச் சுவரில், ஆணிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஆணிக்கு என் வணக்கத்தைச் சொல்.

சாலை வரைபடத்துக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு. அதில்தான் நாங்கள் அச்சாகியிருக்கிறோம். யாராவது எப்போதாவது திருப்பிப் பார்ப்பார்கள் என்று அரசாங்கம் நம்புகிறது. உன் கமிட்டியைவிட அரசாங்கத்துக்கு நம்பிக்கை ஜாஸ்தி.

அண்ணனை பஸ்ஸில் ஏற்றுவதாம். அவருக்குக் கழிப்பறைக்கு யார் பித்தான் அவிழ்ப்பார்கள், டிரைவரா? அண்ணனைப் பற்றி நான் எழுதியதை நீ வாசிக்கிறாயா, இல்லை கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மடித்து வைத்துவிடுகிறாயா?

தேதி வந்துவிட்டது. அக்டோபர் 9, செவ்வாய். நான் முந்தின நாள், நன்றிவிழாத் திங்கட்கிழமை, மதிய ரயிலில் ஏற வேண்டும். கிவேலா அம்மாள் அந்த விடுமுறைக்கு மகன் வீட்டுக்குப் போகிறாள். நீ வருவதானால் நிம்மதியாகப் போவாள், இல்லையென்றால் டிக்கெட்டைத் திருப்பிவிடுகிறேன் என்கிறாள். நான் போகாவிட்டால் என் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவள் டிக்கெட் எடுக்கலாமா, வேண்டாமா? இதற்காவது பதில் எழுது.

ஆர்டித்

*

ஹார்ட்லி கார்னர்ஸ்
25 ஆகஸ்ட் 1984

அக்கா,

உன் கடிதத்தை வாசித்து இரண்டு நாள் அழுதேன். மெர்வின், "உங்க அக்கா பேனாவுல மையை ஊத்துறாளா, ஆசிட் ஊத்துறாளா?" என்று கேட்டார். ஏரிக்கரை வீட்டில் மழை, அதனால் பதில் தாமதம்.

வருகிறேன். போதுமா? உன் கிவேலா அம்மாளை டிக்கெட் எடுக்கச் சொல்.

மெர்வினுக்கு மக்காச்சோள அறுவடை, வர முடியாது. நானே கார் ஓட்டி வருகிறேன். நீ எழுதியபடி வரைபடத்தைத் திருப்பியும் பார்த்தாயிற்று! மெர்வின் சாண் போட்டு அளந்தார். முன்பக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து சட்பரிக்கு இரண்டு சாண். அது ஐந்து மணி நேரம் என்று எங்களுக்குத் தெரியும். பின்பக்கத்தில் சட்பரியிலிருந்து உங்கள் ஊருக்கு மூன்று சாண். ஆக ஏழரை மணி நேரம். சனிக்கிழமை ஆறாம் தேதி விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உன் மேசையில் இருப்பேன். இதற்குப் போய் என்னவோ சமுத்திரம் தாண்டுகிற மாதிரி இத்தனை வருஷம் அலட்டிக்கொண்டாயே, அக்கா!

அண்ணனிடம் சொல்.

நோரீன்

*

ஸ்டோன் போர்ட்டேஜ்
10 செப்டம்பர் 1984

அன்புள்ள நோரீனுக்கு,

சுகம். உன் கடிதம் கண்டு சந்தோஷம். அண்ணனிடம் சொன்னேன், "சரி" என்றார், முகமெல்லாம் சிரிப்பு. கிவேலா அம்மாள் டிக்கெட் எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை ராத்திரிக்குப் பிக்கரல் மீனும் புளுபெர்ரி வைத்துச் சுட்ட பை பலகாரமும் வைத்திருப்பேன். கம்பளிச் சட்டை எடுத்து வா.

அன்புள்ள அக்கா,
ஆர்டித்

*

ஹார்ட்லி கார்னர்ஸ்
9 அக்டோபர் 1984

அன்புள்ள அக்கா,

நீ இந்த நேரம் ஆஸ்பத்திரியில் இருப்பாய். கர்த்தர் உன்னைக் காப்பார் என்று நம்பி, யாராவது உனக்கு அனுப்பிவைப்பார்கள் என்று வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன்.

அண்ணன் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் வாயால் சொல்ல வேண்டும். நாலு மணிக்குக் கிளம்பினேன். சட்பரி வரை மெர்வின் கணக்கு சரி. அதற்குப் பிறகு ரோடு முடியவே இல்லை, அக்கா. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஏரி. அந்த ஏரி மணிக்கணக்காகக் கூடவே வந்தது. ஊர்ந்து ஊர்ந்து வாவா என்கிற ஊருக்கு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. பனியும் மழையும் கலந்து கண்ணாடியில் அடித்தது. குதிரையைவிட உயரமாக ஒரு மூஸ் ரோட்டின் நடுவில் நின்று என்னைப் பார்த்தது, நான் என்னவோ அதன் சமையலறைக்குள் வந்துவிட்ட மாதிரி. அடுத்து வந்த மோட்டலில் நிறுத்தினேன். ஸ்டோன் போர்ட்டேஜுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குமா என்று கேட்டேன். மோட்டல்காரர் சிரிக்கக்கூட இல்லை. "அம்மா, நீங்க இப்பத்தான் பாதி வந்திருக்கீங்க" என்றார். பின்பக்கத்தில் ஒரு சாண் என்றால் முன்பக்கத்து இரண்டு சாணாம். மூலையில் எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது, அவர்தான் காட்டினார்.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காலையில் என்னால் முடியாது என்று தெரிந்துவிட்டது. இன்னொரு நாள் அந்த ரோடு, தனியாக, முடியாது. பத்து மணிக்கு உன் வீட்டுக்குப் போன் செய்தேன். அண்ணன் எடுத்தார், நீ சர்ச்சுக்குப் போயிருந்தாய் போலிருக்கிறது. "அண்ணே, நான் திரும்பிப் போறேன், அக்காகிட்ட சொல்லிடு" என்றேன். "சரி" என்றார். "அவ வேற யாரையாவது ஏற்பாடு பண்ணிக்குவா இல்ல?" என்றேன். "சரி" என்றார். "கோவப்பட மாட்டாளே?" "சரி, சரி, சரி" என்றார். அவர் குரல் கேட்டுத்தான் எனக்கு நெஞ்சு லேசாகியது. பிறகு உன்னிடம் பேசத் தைரியம் வரவில்லை, அதனால் மறுபடி போன் செய்யவில்லை. வழியில் இன்னொரு ராத்திரி தங்கி, நேற்று இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

அண்ணனோடு யார் இருக்கிறார்கள்? உனக்கு எல்லாம் நல்லபடி முடிந்ததா? எழுது.

நோரீன்

*

ஸ்டோன் போர்ட்டேஜ்
22 அக்டோபர் 1984

நோரீனுக்கு,

உன் கடிதத்தை எனக்கு யாரும் அனுப்பிவைக்க வேண்டியிருக்கவில்லை. நான் வீட்டில்தான் இருந்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சனிக்கிழமை ராத்திரி மீனை மூடி வைத்தோம். ஞாயிறு காலை, ஒரு மணி நேரம்தானே என்று அண்ணனை விட்டுவிட்டு நன்றிவிழா ஆராதனைக்குப் போனேன். திரும்பி வந்தால் அண்ணன் டெலிபோனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் இடது கையால் டெலிபோன் மேசையை அடிக்க ஆரம்பித்தார். "சரி! சரி! சரி!" அடி, அடி, அடி. தண்ணீரா என்றேன், வலியா என்றேன், யாராவது போன் செய்தார்களா என்றும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரி. எதை எடுத்துக்கொள்வது? சாயங்காலம் வரை அடித்தார். கை வீங்கிவிட்டது. கடைசியில் நான் கத்தினேன். "போதும் அண்ணே, பைத்தியக்காரன் மாதிரி அடிக்காத! நோரீன் வந்தா உன்னைப் பாத்து என்ன நினைப்பா?" என்றேன். அவர் நிறுத்திவிட்டார். அழுதார். நோயின் கோளாறு என்று நினைத்து முகத்தைத் துடைத்துவிட்டேன்.

திங்கள் மதியம் ரயில் வந்தது, போயிற்று. கிவேலா அம்மாள் மகன் வீட்டில். உன் வீட்டுக்குப் போன் போட்டேன், எடுக்க ஆளில்லை. உன் புருஷன் வயலில் இருந்திருப்பார், நீ எந்த மலையடிவாரத்தில் கவிழ்ந்து கிடக்கிறாயோ என்று நான் ஜன்னலில் நின்றேன். செவ்வாய் காலை எட்டு மணிக்கு என் கட்டிலை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். ரோட்டில் எந்த விபத்தும் இல்லை என்று போலீஸ்காரர் அன்று மதியம் விசாரித்துச் சொன்னார்.

உன் கடிதம் வந்த அன்று அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். "அக்காகிட்ட சொல்லிடு" என்ற வரிக்கு வந்ததும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. பேச முடியாத மனிதனிடம் சேதி சொல்லி அனுப்பிய ஒரே ஆள் இந்த மாகாணத்திலேயே நீயாகத்தான் இருப்பாய். அதுவும் அவருக்கு ஒரு சொல்தான் மிச்சம் என்று ஏப்ரலில் நான் எழுதிய பிறகு.

இவ்வளவோடு நிறுத்தினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கப் போகிறவள் நான், பாவத்தை மறைத்துக்கொண்டு போக முடியாது.

உன் ஆகஸ்ட் கடிதத்தை வாசித்தபோதே எனக்குத் தெரியும். மூன்று சாண் என்ற இடத்திலேயே தெரியும். பின்பக்கத்து அளவு வேறு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். கிவேலா அம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன், இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்து அவள், "எழுதிச் சொல்லிடு ஆர்டித், பாவம்" என்றாள். "சொல்ல மாட்டேன், சக்கரம் உருண்டு தெரிஞ்சுக்கட்டும்" என்றேன். நீ ஞாயிறு ராத்திரி கசங்கிப்போய் வந்து இறங்குவாய், திங்கள் மதியம் நான் ரயில் ஏறுவேன் என்று அளந்து வைத்திருந்தேன். ஒரு ராத்திரி அவமானம் உனக்கு நல்லது என்று நினைத்தேன். நீ திரும்பிப் போவாய் என்பது என் அளவில் இல்லை. மெர்வினுடைய சாணைவிட என்னுடையது மோசம். உன்னிடமும் அண்ணனிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். அண்ணன் சரி என்றார். அதற்கு என்ன பொருள் என்று நான் ஆராயவில்லை.

இனி "சின்ன விஷயம்" பற்றி. இடது மார்பில் கட்டி. ஏப்ரலில் பட்டாணி அளவு இருந்தது. போன வாரம் டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லவில்லை. புதுத் தேதி நவம்பர் 13. இந்த முறை கிவேலா அம்மாள் எங்கேயும் போகவில்லை, எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறாள். அதனால் மூன்று வாரத்துக்கு நீ வர வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார்கள். என்னை நம்பி வீட்டில் இருப்பவர் யார் என்று ஒரு வரி. அண்ணன் பெயரை எழுதிவிட்டேன். நான் திரும்பி வராவிட்டால் அவரை ஏற்றுக்கொள்பவர் யார் என்று அடுத்த வரி. கிவேலா அம்மாளுக்கு எழுபத்தேழு. தண்டர் பேயில் ஒரு முதியோர் விடுதி இருக்கிறது, போய்ப் பார்த்தேன். அங்கே எல்லோரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த வரியில் உன் பெயரை எழுத வேண்டும். உன்னைக் கேட்காமல் எழுத மாட்டேன். எழுதிய பிறகு பாதியில் திரும்ப முடியாது.

படிவம் நவம்பர் எட்டாம் தேதிக்குள் போக வேண்டும். எழுதலாமா, கூடாதா? போர்வை, வெயில், முழங்கால் எதுவும் வேண்டாம், இதை மட்டும் சொல். சீக்கிரம் பதில் போடு.

ஆர்டித்